சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் எதைக் கேட்கலாம்?

(கொழும்பில் தொழில் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் ஒரு ஞாயிறு மாலை கொலன்னாவையில் கூடியபோது, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இங்கே பாதிப்பேர் மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். மீதிப்பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிறவர்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கிற நாலு பிள்ளைகளும் சட்டம் படிக்கிறவர்கள். ஐந்து சதமும் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையில் நமக்கு உதவ வந்திருக்கிறார்கள். ஆனால் நம்ம ஆட்கள் இப்போதே காதுக்குள் பேசிக்கொள்வது நமக்குத் தெரியும். "காசு வாங்காதவன் என்னத்தைச் செய்யப் போறான்?" என்றுதானே?

ஒரு பழைய கதை சொல்லுகிறோம், நடந்த கதை. 1937-ஆம் வருஷம். மடுல்கலைப் பக்கம் றெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக ஆஸ்திரேலியாவிலிருந்து பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார வாலிபர் வந்திருந்தார். துரைமார் பக்கம் நிற்க வேண்டியவர், தொழிலாளி பக்கம் நின்றுவிட்டார். அந்த ஏப்ரலில் நாவலப்பிட்டியில் கூட்டம் ஏறித் தோட்டத்து நிலைமையைப் பேசினார். உடனே கவர்னர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்று கட்டளை போட்டார். அவர் போகவில்லை. கைது செய்தார்கள். அவருக்காக உயர் நீதிமன்றத்தில் எழுந்தவர் எச். வி. பெரேரா, அந்தக் காலத்தில் முதல் வரிசை வழக்கறிஞர். சல்லிக்காசு வாங்கவில்லை. மே 18-ஆம் திகதி நீதிமன்றம் அந்த மனுஷனை விடுவித்தது. கவர்னர் கட்டளையே தோற்றது! மூன்று வருஷம் கழித்து, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தாரே, அதன் விசாரணையில் அவர் மனைவிக்காக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. இனாம் வேலை இளக்காரமான வேலை என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

அவர்கள் பெரிய வக்கீல்கள், இவர்கள் படிக்கிற பிள்ளைகள் என்பீர்கள். சரிதான். புதுக்கடையில் இருக்கிற சட்டக் கல்லூரி 1874-இல் தொடங்கியது. அங்கே படித்தாலும் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், பரீட்சை முடித்து, ஒரு வழக்கறிஞருக்குக் கீழே பயிற்சி எடுத்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த பிறகுதான் சட்டத்தரணி. அதுவரை கோட்டில் ஏறிப் பேச முடியாது. வழக்கை இந்தப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். வழக்கென்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். யாரிடம் போவது, எந்தக் கடுதாசியைக் கொண்டுபோவது என்று இவர்கள் காட்டித் தருவார்கள்.

நமக்கு வேண்டியது பெரும்பாலும் கோட்டு வழக்கே இல்லையே. கடுதாசி வழக்குத்தான்.

எங்கள் கைக்கு வந்த ஒன்றைச் சொல்லுகிறோம், ஊர் பெயர் வேண்டாம். ஒரு அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். செக்ரோலில் ராமாயி. அடையாள அட்டையில் இராமாயி. இங்கிலீசில் எழுதும்போது ஒரு கிளாக்கர் 'ஆர்' எழுத்தில் தொடங்கினார், இன்னொருவர் 'ஐ' எழுத்தில் தொடங்கினார். முடிந்தது! சேமலாப நிதிப் பணம் எடுக்கப் போனால் இது வேறு ஆள் என்கிறார்கள். கந்தோர் வாசலில் ஒருவன், பணத்தில் பங்கு தந்தால் முடித்துத் தருகிறேன் என்று நின்றானாம். அந்த அம்மா ஒப்புக்கொள்ளும் கட்டத்துக்கு வந்துவிட்டார்.

சட்டம் படிக்கும் ஒரு தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா? இருக்கிற கடுதாசி எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எதில் எந்தப் பெயர், எந்தத் திகதி, எந்த இலக்கம் என்று ஒரே தாளில் எழுதினாள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வாங்கச் சொன்னாள். சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவான் முன்னால் ஒப்பம் வைக்க வைத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பங்கு யாருக்கும் போகவில்லை. இதில் பெரிய சட்டப் புத்தகம் ஒன்றும் இல்லை, பொறுமையும் எழுத்தும்தான்.

அந்தப் பணம் நம்ம பணம். 1958-ஆம் வருஷச் சட்டப்படி முதலாளி 12 வீதம், நம்ம சம்பளத்திலிருந்து 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், அது முழுக்க முதலாளி கட்டுவது. சேவைக்காலப் பணம் வேறே. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் மாதச் சம்பளக்காரர் என்றால் அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு 14 நாள் சம்பளம்.

கடையில் நிற்கும் தம்பிமாரே, நியமனக் கடிதம் வாங்கினீர்களா? சிரிக்கிறீர்கள். 1954-ஆம் ஆண்டுக் கடைச் சட்டம் அதைக் கொடுக்கத்தான் சொல்லுகிறது. வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு மனுப் போட ஆறு மாதம்தான் தவணை. முதலாளி நல்லவர், தீபாவளிக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்து ஏழாவது மாதம் வருகிறவர்களுக்கு நாங்களும் ஒன்றும் செய்ய முடியவில்லை, பிள்ளைகளும் செய்ய முடியாது.

வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரிடம் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் டயகமப் பிள்ளை, பதினாறு வயது, கொழும்பில் எரிகாயத்தோடு இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயதைச் சட்டம் 14-இலிருந்து 16 ஆக்கியது. பதினெட்டு ஆகாத பிள்ளையை வீட்டு வேலைக்குத் தரகர் கேட்டால் முதலில் இந்தப் பிள்ளைகளிடம் வந்து சொல்லுங்கள். பதினெட்டு முடிந்த பிள்ளையாக இருந்தாலும் வீட்டு விலாசமும் டெலிபோன் நம்பரும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

இப்படிப்பட்ட உதவி புதிது இல்லை. 2003-இல் 35-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, 1964 ஒக்டோபர் 30-இலிருந்து இங்கேயே இருக்கிற நம்ம ஆட்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு படிவம் எழுதினாலே போதும் என்றானது. எழுதித் தர ஆள் வேண்டுமே! தொண்டர்கள் நடமாடும் முகாம் வைத்துத் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். சில நாட்களிலேயே 190,000 பேர் அளவில் பிரஜைகளானார்கள். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் 2015-இலிருந்து, 50 மணி நேரம் இனாமாகச் சட்ட உதவி செய்து காட்டினால்தான் புது வக்கீலாகச் சேர முடியும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாமலே இவர்கள் வந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதாகை கட்டி, படம் பிடித்து, ஒரே நாளில் முடிந்த முகாம்களை எங்கள் தோட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டன. ஒருவருடைய கடுதாசியைக் கையில் எடுத்தால் அது முடியும் வரை அந்த ஆளை விடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அவசரப்படாதீர்கள், அந்த அம்மா இரண்டாம் தரமும் கேட்பார். கோட்டிலும் பாஷை தெரியாதவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க அரசே ஆள் தர வேண்டும் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்மாரே, மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், போட்டோ பிரதியைக் கொடுங்கள். இந்தக் கொலன்னாவையில் 2016 வெள்ளத்திலும், மலையில் 2025 நவம்பர் டித்வா மண்சரிவிலும் வீட்டோடு சான்றிதழும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த இடம், பதிந்த வருஷம், தெரிந்தால் பதிவு இலக்கம் இவற்றை எழுதிக் கொடுத்தால் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருவார்கள். உங்கள் கடுதாசியைப் பார்க்கிற பிள்ளையின் பெயரையும், அடுத்து வரவேண்டிய திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கு இரண்டு போட்டிருக்கிறது. சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் கேட்கிறவர்கள் வலப்பக்கம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை கேட்கிறவர்கள் இடப்பக்கம். பஸ் தூரமாகப் போகிறவர்களை முதலில் விடுங்கள்.