கணக்கைக் காட்டுங்கள்

(சித்திரை வருடப்பிறப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"எங்கள் தீவின் அரசியலும் பொருளாதாரமும்" என்ற தலைப்பில் சில வார்த்தைகள் கதைக்கச் சொல்லி விழாக்குழு கேட்டது. நான் பொருளாதார நிபுணன் இல்லை. ஊரில் உயர்தரம் வர்த்தகப் பிரிவு படித்தேன். அதோட படிப்பு நின்று போச்சு. இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. இந்த மண்டபத்தில் கனபேர் என்னோட ஒரே பெல்ட்டில் நிற்கிற ஆக்கள்தானே! ஆனால் கணக்கீட்டுப் பாடத்தில் படித்த ஒரு விதி இன்றைக்கும் மறக்கவில்லை. ஏட்டில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். ஒருவர் கைக்குக் காசு வந்தால், அது ஆரோ ஒருவருடைய கையில் இருந்து போயிருக்க வேண்டும். அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் இன்று கதைக்கப் போகிறேன்.

2022 ஆம் ஆண்டுச் சித்திரைப் பிறப்பை நினைத்துப் பாருங்கள். வருடம் பிறக்க இரண்டு நாட்களுக்கு முன்பு, ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. 1948 இல் சுதந்திரம் கிடைத்த பின் அதுதான் முதல் தடவை. கைவிசேடம் கொடுக்கிற நேரத்தில் நாடே கையை விரித்தது! காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, மருந்து இல்லை. எரிபொருள் வரிசையில் நின்ற வயோதிபர்கள் அந்த வரிசையிலேயே செத்தார்கள். அதற்கு முதல் மாதமே குழந்தைகளோடு படகேறிய எங்கட சனம் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தவித்தது. போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து கடந்த கடலை இந்த முறை அரிசி விலைக்குப் பயந்து கடந்தார்கள்.

ஏன் இந்த நிலை? "சின்ன நாடு, என்ன செய்யிறது" என்று சிலர் சொல்லுவினம். "கொரோனா வந்தது" என்பினம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பும் அதன்பின் கொரோனாவும் உல்லாசப் பயணத்துறையை முறித்தது உண்மைதான். ஆனால் மற்றவற்றையும் பாருங்கள். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் காசு அச்சடித்தார்கள். 2007 இல் இருந்து வெளிச் சந்தையில் முறி விற்று வாங்கிய டொலர்க் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டு இருந்தது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தார்கள். அதே வருடக் கடைசியில் தடையை நீக்கினார்கள், ஆனால் கமக்காரனுடைய போகம் போனது போனதுதான். இவை புயல் போல வானத்தில் இருந்து வந்தவை இல்லை. கதிரையில் இருந்து கையெழுத்துப் போட்ட தீர்மானங்கள்.

சரி, ஏட்டின் மறு பக்கத்தில் ஆருடைய பெயர் எழுதப்பட்டது? 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 90 வீதத்துக்கு மேல். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. முதலாளிக்கும் அதே வீதம், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கும் அதே வீதம். 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளுக்குத்தான் வட்டியைக் குறைத்தார்கள். அதாவது ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளை தன் முதுமைக்குச் சேர்த்த காசு. தொழிற்சாலையில் நிற்கிறவனுக்கு இது விளங்கும், விளக்கம் தேவையில்லை.

அந்த ஏட்டில் எங்கட பெயரும் இருக்கு! வெளிநாட்டில் வேலை செய்கிற இலங்கையர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020 இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022 இல் அது 379 கோடி. ஏன் விழுந்தது? டொலருக்கு 200 ரூபாய்தான் என்று மத்திய வங்கி பிடிவாதமாக நின்றது. உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். சனம் வங்கியை விட்டது. ரூபாயை விட்டுக்கொடுத்த பிறகு காசு திரும்பி வந்தது. 2024 இல் 657 கோடி வரை. அது தேயிலை ஏற்றுமதியில் கிடைப்பதைப் போல நாலு மடங்குக்கு மேல். குவைத்தில் வீட்டுவேலை செய்கிற அக்காவும், ஹம்மர்பெஸ்ட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற தம்பியும் சேர்ந்துதான் அந்தத் தீவுக்கு எண்ணெயும் மருந்தும் வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால் எங்களிடம் ஒருவரும் கணக்குச் சொல்வதில்லை.

இப்ப நாங்கள் இருக்கிற இடத்தைப் பாருங்கள். ஹம்மர்பெஸ்ட்டும் ஒரு தீவில் இருக்கிற ஊர்தான். இரண்டாம் உலகப்போர் முடிவில் ஜேர்மன் படை இதை எரித்துவிட்டுப் போனபோது மயானத்துச் சிறு தேவாலயம் மட்டும்தான் மிஞ்சியது. அப்படி இருந்த ஊர்! இன்று கொம்யூன் தனது வரவு செலவுத் திட்டத்தை, முடிவெடுக்க 14 நாட்களுக்கு முன்பாவது பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். நோர்வேக்காரர் பிழை விடாத ஆக்கள் என்று நான் சொல்லவில்லை. 2007 இல் நார்விக் உட்பட எட்டுக் கொம்யூன்கள், நீர்மின்சாரத்தில் வரப்போகிற வருமானத்தை ஈடு காட்டிக் கடன் எடுத்து, அமெரிக்கப் பத்திரங்களில் போட்டு இழந்தன. ஆனால் விசயம் மறைக்கப்படவில்லை. பேப்பரில் வந்தது, சபையில் வாதம் நடந்தது, விற்ற நிறுவனத்தின் அனுமதி பறிபோனது.

இன்னொரு தீவைச் சொல்லுகிறேன். ஐஸ்லாந்து. யாழ்ப்பாண மாவட்டத்தை விடக் குறைந்த சனத்தொகை. 2008 இல் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரு வாரத்துக்குள் விழுந்தன. பாராளுமன்றம் விசாரணைக்குழு போட்டது. அறிக்கை 2010 ஏப்ரல் 12 இல் வெளிவந்தது. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். ரெய்க்யாவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் அதை இரவு பகலாக முதலில் இருந்து கடைசி வரை உரத்து வாசித்தார்கள். கடன் பட்டது நாடு என்றால் கணக்கைக் கேட்க வேண்டியதும் நாடுதான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

எங்கட தீவில்? 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த, கோட்டாபய ராஜபக்ச உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் வரிசையில் நின்ற சனத்துக்கு ஒரு சதம் நட்டஈடு இல்லை. சர்வதேச நாணய நிதியத்திடம் 2023 இல் போனது 1965 இல் இருந்து பதினேழாவது தடவை. ஒரே வகுப்பில் பதினேழு தரம் இருந்த பிள்ளையை நாங்கள் என்ன கேட்போம்? கொப்பியைக் காட்டு என்றுதானே கேட்போம்!

அந்தக் கொப்பியில் எங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கு. போருக்குப் பட்ட கடனும், 2009 க்குப் பிறகும் இறங்காத படைச் செலவும் அதில்தான் எழுதப்பட்டிருக்கு. இராணுவத்தை 2030 க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்ததே 2023 ஜனவரியில், நாடு வங்குரோத்தான பிறகுதான். 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மார் கேட்டதும் கணக்குத்தான். "கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே?" காசுக்கணக்கை மறைக்கப் பழகிய அரசுக்கு ஆட்கணக்கை மறைப்பது கஷ்டம் இல்லை.

2024 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போனது. இங்கே சிலருக்குக் கோபம், சிலருக்குச் சந்தோசம். அதைப் பற்றிச் சண்டை பிடிக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. வாக்குப் போட்டது வரிசையில் நின்ற சனம். அவர்களுக்குத் தங்கட நியாயம் இருக்கும். கொழும்பில் ஆர் இருந்தாலும், யாழ்ப்பாணத்தில் ஆர் வென்றாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கணக்கு எங்கே? அது மூன்று மொழியிலும், சந்தையில் மரக்கறி விற்கிற ஆச்சிக்கும் விளங்குகிற மாதிரி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. கேட்கிறவன் முதலில் தன் கையைக் காட்ட வேண்டும். ஊர்ச் சங்கம், கோயில், பழைய மாணவர் சங்கம் என்று நாங்களும் இங்கே காசு சேர்க்கிறோம். ஒவ்வொரு குரோணும் எங்கே போனது என்று வருடத்துக்கு ஒரு தரம் சுவரில் ஒட்டுவோம். அதோட, இங்கே மூன்று வருடம் தொடர்ந்து இருந்தால் பிரஜாவுரிமை இல்லாமலே கொம்யூன் தேர்தலில் வாக்களிக்கலாம். "எங்களுக்கு என்னத்துக்கு" என்று வீட்டில் இருக்காமல் போய் வாக்களியுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்குக் கேட்கிற பழக்கம் இங்கே வந்தால்தான் அங்கேயும் கேட்கத் தைரியம் வரும்.

பிறந்திருக்கும் புத்தாண்டு, கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்லுகிற ஆண்டாக அமையட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.