நம் பள்ளித் தோட்டத்துக் குளம்



நம் குளத்தில் முதலில் விட்ட மீன்கள் மறுநாளே செத்து மிதந்தன. பிள்ளைகள் அழுதார்கள். தவறு என்னுடையதுதான். குழாய்த் தண்ணீரை நிரப்பிய அன்றே மீனை விட்டேன். அதிலிருந்த குளோரின் செவுளைக் கெடுத்துவிட்டது.

அடுத்த முறை தண்ணீரை மூன்று நாள் வெயிலில் விட்டோம். வேலம்பாசியும், சட்டியில் நட்ட அல்லியும் வேர் பிடித்த பிறகுதான் மீன். (ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம், குளத்தையே மூடிவிடும்.) கால்வாயில் பிடித்த கப்பி மீன் பத்தைப் பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, மெல்லத் திறந்துவிட்டோம்.

"குளம் வெட்டினால் கொசுதானே வரும், வாத்தியாரே?" என்று கேட்டீர்கள். நியாயந்தான், டிங்கி பயம் எனக்கும் உண்டு. இங்கே கொசுப்புழுவைக் கப்பி தின்றுவிடுகிறது. ஆனால் வீட்டு வாசலில் கிடக்கும் டின்னிலும், பழைய டயரிலும், பால் மங்கிலும் கப்பி இல்லையே! இன்று வீட்டுக்குப் போனதும் அவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.