பைக்கு உள்ளே ஒரு முத்திரை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மொத்த விற்பனை'. அதில் விலை, கடன், வசூல் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். நாம செஞ்ச பொருள் நம்ம கையை விட்டுப் போன பிறகும் அது நம்முடையதுன்னு எப்படிக் காட்டுறது? இதில் நான் பட்ட அடி கொஞ்சம் அதிகம்.

எங்கள் குழு தைப்பது டிபன் பை. காலையில் 5 மணிக்கு ஒரகடம் ரோட்டிலும் இருங்காட்டுக்கோட்டை பக்கமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க. ஒரு கையில் டிபன், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் ஐடி கார்டு, தூக்கம் பாதிக் கண்ணில். என் நாத்தனார் மகளும் அப்படிப் போகிறவள்தான். ஒருநாள் பஸ்ஸிலேயே சாம்பார் கொட்டி யூனிபார்ம் எல்லாம் ஆகிவிட்டது. அவளுக்காகத்தான் முதல் பையைத் தைத்தேன். அடி அகலமாக, அட்டை வைத்துக் கெட்டியாக, பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட், முன்னால் மாங்காய் வடிவத்தில் வளைந்த ஒரு மூடி, அதன் ஓரத்தில் சிவப்பு பைப்பிங். அந்த மாங்காய் மூடிதான் பார்க்கிறவர்களை நிறுத்தியது. கண்காட்சியில் ஸ்டால் போட்டோம், விற்றது.

அங்கேதான் ஒரு கிஃப்ட் காண்ட்ராக்டர் வந்தார். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளுக்குக் கொடுக்க 600 பை வேண்டும் என்றார். இருபது நாள் ராத்திரி பகல் பார்க்காமல் தைத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு பையின் பக்கத்திலும் குழுவின் பெயர் போட்ட சின்ன லேபிள், நாலு மூலையும் தையல் போட்டு வைத்திருந்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை வாசலில் எங்கள் பை தொங்குகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு ஒருத்தர் பெயர். நம்ம லேபிள் இருந்த இடத்தில் ஊசி ஓட்டை மட்டும் வரிசையாகத் தெரிகிறது. தைத்த கைக்கு அது தெரியாமல் போகுமா? அதற்கடுத்த மாதம் அதே மாங்காய் மூடியோடு மட்டமான துணியில் வேறு பை வந்துவிட்டது, எங்கள் விலையில் பாதிக்கு. காண்ட்ராக்டரிடம் கேட்டோம். "காசு கொடுத்து வாங்கிட்டேன், அப்புறம் பை என்னுது, லேபிள் வேணா வந்து எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு இதே யோசனை. மொத்தமாகத் தைக்கும்போது ஒரு பைக்கு ஒரு நிமிடம் கூட அதிகமாகச் செலவிட முடியாது, 600 பைக்கு அது 10 மணி நேரம். அதனால் குறி சீக்கிரம் போடக்கூடியதாக இருக்க வேண்டும். துவைத்தாலும் போகக்கூடாது. பிரித்தாலும் எடுக்க முடியக்கூடாது.

பேனா மாதிரி வருகிற துணி மார்க்கர் வாங்கினோம். ஐம்பது பைக்கு மேல் கை வலித்தது, எழுத்தும் ஆளுக்கு ஒரு மாதிரி. ரப்பர் ஸ்டாம்பு செய்து சாதாரண ஸ்டாம்பு பேட் மையில் குத்தினோம். முதல் துவைப்பில் குறியும் போச்சு, துணியும் நீலமாச்சு. இஸ்திரி போட்டால் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஓரத்தில் உரிந்தது. நெய்த லேபிளைத் தையலுக்குள் வைத்துத் தைக்கலாம் என்றார்கள். அழகுதான், ஆனால் பிளேடு வைத்து விளிம்போடு வழித்து எடுத்துவிடலாம். குறைந்த எண்ணிக்கையில் நெய்து தரவும் மாட்டார்கள்.

எங்கள் ஆயா ஒருநாள் இதைக் கேட்டுச் சிரித்தது. "அந்தக் காலத்துல வண்ணாத்தி சேராங்கொட்டையில குறி போடுவா, துணி கிழியுமே தவிர குறி போகாது" என்றது. உண்மைதான். சேராங்கொட்டைப் பாலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் துணியில் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும், வெளுத்தாலும் போகாது. ஆங்கிலத்திலேயே அதற்கு மார்க்கிங் நட் என்றுதான் பெயர். ஆனால் அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், யாரும் ஆசைப்பட்டு எடுத்துவிடாதீங்க. ஊரே துணி போடுகிற இடத்தில் எது யார் வீட்டுத் துணி என்று ஒரு புள்ளியில் அவர்கள் வைத்திருந்தார்கள். நமக்குத்தான் அது மறந்துவிட்டது.

வழி சொன்னது நாத்தனார் மகள்தான். அவள் கார் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். "அத்தை, நீங்க பை முடிஞ்ச பிறகு குறி போடுறீங்க. எங்ககிட்ட செய்யும்போதே விழுந்துடும்" என்றாள். இரும்பு பாகத்தில் ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியோ, லேசரால் சுட்டோ எண் போடுகிறார்களாம், சில நொடி வேலை. டயர் இன்னும் சுலபம். இந்த விழா முடிந்து வேனில் ஏறும்போது டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். கடைசியில் நாலு எண் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதை யாரும் பிறகு ஒட்டவில்லை. அச்சிலேயே இருப்பது, ரப்பர் வேகும்போதே டயரோடு சேர்ந்துவிடுகிறது. சுரண்டினால் டயர் கெட்டுப்போகும்.

அதை எங்கள் பைக்குக் கொண்டுவந்தோம். இப்போது தைப்பதற்கு முன்பே குறி போட்டுவிடுகிறோம். பையின் அடிப்பக்க லைனிங் துணியைக் கட்டிங் செய்ததும் மேசையில் வைத்து ஸ்க்ரீன் பிரிண்ட். குழுவின் குறி வரிசையாக மூன்று முறை விழும். நடுவில் உள்ளது முழுசாகத் தெரியும், இரண்டு ஓரத்திலும் பாதி தையலுக்குள்ளே போய்விடும். எடுக்க வேண்டும் என்றால் பையை முழுக்கப் பிரித்து லைனிங்கை மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் புதுப் பையே தைத்துவிடலாம். ஒருத்தி துணியை வைக்க, ஒருத்தி மையை இழுக்க, மணிக்கு 300 துண்டு சாதாரணமாகப் போகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம். பிக்மென்ட் மையில் ஃபிக்ஸர் கலந்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, பின்பக்கமாகக் காட்டன் சூட்டில் இஸ்திரி போட வேண்டும். சூடு கொடுக்காத குறி துவைப்பில் வெளுக்கும். முதல் தடவை அவசரத்தில் இஸ்திரியை விட்டுவிட்டு 80 துண்டு வீணாக்கினோம், அந்தக் கணக்கு இன்னும் பொருளாளர் அக்கா வாயிலிருந்து போகவில்லை.

குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணும் போடுகிறோம். மாதம், எந்த மெஷின் என்று. நகை வாங்குகிறவர்களுக்குத் தெரியும், 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் லேசரில் பொறித்துத்தான் விற்க வேண்டும், ஒவ்வொரு நகைக்கும் தனி எண். அதைப் பார்த்து வந்த ஆசைதான். ஆனால் இந்த எண்ணுக்குக் குழுவில் பெரிய சண்டை. "பை கிழிஞ்சா என் மெஷின் நம்பரைச் சொல்லி என் தலையில கட்டுவீங்க" என்று இரண்டு பேர் தைக்கவே வரவில்லை. அவர்கள் பயம் தப்பில்லை. திரும்பி வரும் பைக்கான நஷ்டம் குழுவுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடியது.

அந்த எண்தான் எங்களைக் காப்பாற்றியது. போன பொங்கலுக்கு வேறொரு ஆளுக்கு அனுப்பிய ஆர்டரில் 60 பை கைப்பிடி பிய்ந்துவிட்டது என்று திரும்பி வந்தது, பாக்கிப் பணத்தையும் நிறுத்திவிட்டார். கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். 38 பையில் நம்ம குறி. 22 பையில் உள்ளே ஒன்றுமே இல்லை, வெள்ளை லைனிங். வெளியே பார்த்தால் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. எங்கேயோ மலிவாக வாங்கிக் கலந்திருக்கிறார்கள். 38-க்கு மாற்றிக் கொடுத்தோம், அதில் 31 ஒரே மெஷின், நாடா மடிப்பில் தையல் குறைவு, சரி செய்தோம். 22-ஐ மூட்டை கட்டி அப்படியே திருப்பி அனுப்பினோம். பணம் வந்தது.

ஆனால் குறி போட்டுவிட்டால் டிசைன் பத்திரம் என்று நினைக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். குறி 'இது எங்களுடையது' என்று சொல்லும். 'நீ இது மாதிரி செய்யாதே' என்று சொல்ல பதிவு வேண்டும். 2000-ஆம் வருடத்து வடிவமைப்புகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், பரிசீலனை கொல்கத்தாவில் நடக்கும். தோற்றத்துக்குத்தான் பாதுகாப்பு. சாம்பார் கொட்டாத அடிப்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இல்லை, மாங்காய் மூடி எப்படித் தெரிகிறது என்பதற்குத்தான். 'நான் வரைந்த படம், பதிப்புரிமை தானாக வரும்' என்றும் இருக்க முடியாது. பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டுத் தொழில் முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால் அந்த உரிமையும் நிற்காது.

எனக்கு வயிறு எரிந்தது எங்கே தெரியுமா? பதிவுக்கு அந்த வடிவம் புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் வெளியே காட்டியிருக்கக் கூடாது. நாங்கள் கண்காட்சியில் தொங்கவிட்டு, விற்று, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். மாங்காய் மூடி பை போனது போனதுதான்.

அந்தச் சட்டத்தில் இன்றைய பேச்சுக்கு வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பதிவு செய்தவர் விற்பனைக்கு அனுப்புவதற்கு முன்னால் பதிவைக் காட்டும் குறியைப் பொருளில் போட வேண்டும். போடாவிட்டால், காப்பியடித்தவரிடம் நஷ்ட ஈடு கேட்கும்போது சிக்கல். குறி போடுவதற்குத் தகுந்த ஏற்பாடெல்லாம் செய்திருந்தோம் என்றோ, பதிவானது அவருக்குத் தெரிந்தேதான் செய்தார் என்றோ நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆக பதிவும் குறியும் ஒன்றுக்கொன்று துணை. இன்னொன்று, குழுப் பெயரை டிரேட் மார்க்காகப் பதியாமல் வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' போடாதீங்க. அழகுக்காகப் போட்டோம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது சட்டப்படி தவறு.

பாக்குமட்டைத் தட்டு போடுகிற குழு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மை வேண்டாம், சாப்பிடுகிற தட்டு. சூடான அச்சின் நடுவில் குறியைச் செதுக்கிவிடுங்கள், தட்டு அழுந்தும்போதே குறியும் அழுந்தும், ஒரு நொடி கூட அதிகமில்லை. மண்பாண்டக்காரர்கள் ஈரம் காய்வதற்குள் அடியில் குத்திவிட்டுச் சூளையில் வையுங்கள். நம்ம காஞ்சிபுரத்துப் பட்டிலே பாருங்கள், கோர்வைப் புடவையில் கரையும் உடலும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்த்து நெய்வது. புவிசார் குறியீடு, சில்க் மார்க் எல்லாம் பிறகு வந்தது. தெரிந்தவர்கள் இன்றைக்கும் புடவையைத் திருப்பி அந்தக் கோர்வையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் அக்கா மணியைப் பார்க்கிறார்கள். புதுப் பை ஒன்று தயாராக இருக்கிறது, இந்தத் தடவை மூடி மாங்காய் இல்லை. எங்கள் குழுவினர் ஐந்து பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நாத்தனார் மகள் கூடக் கேட்டாள், காட்டவில்லை. மேடையில் காட்டுங்கள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். விண்ணப்பம் கொடுத்து எண் வரட்டும், அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானே எடுத்து வருகிறேன்.