வீட்டுக் கல்வியா, பொதுப் பள்ளிக்கூடமா?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாகாதா என்னும் கேள்வி, சில வருஷங்களாக நமது சமூகத்துக் குடும்பங்களில் எழுந்து வருகின்றது. இது விஷயமாகத் தமக்கு வந்த கடிதங்களைக் கண்டே காரியதரிசி அவர்கள் அடியேனைப் பேசும்படி பணித்தார்கள். கடிதங்களில் காணும் காரணங்கள் பல. தனியார் பள்ளிகளின் சம்பளம் கட்ட முடியவில்லை என்பார் சிலர். அரசாங்கப் பள்ளியில் உபாத்தியாயர் போதவில்லை என்பார் சிலர். பரீட்சைக்காகப் பிள்ளையை வாட்டுகிறார்கள், மனமொடிந்து போகிறான் என்பார் வேறு சிலர். இன்னும் ஒரு காரணம் உண்டு. அதனைக் கடிதத்தில் எழுதியவர் ஒருவரே. நாவால் சொல்லுகிறவர் அநேகர். அதனைக் கடைசியில் எடுத்துக்கொள்வேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்மண்டபத்தில் இருக்கும் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, அருகிலுள்ள பொதுப் பள்ளிக்கூடமே தக்கது. வீட்டுக் கல்வி இழிந்ததென்று இப்படிச் சொல்லவில்லை. அது மிகுந்த செலவுள்ள கல்வி. அச்செலவு பணத்தால் மட்டும் ஆவதன்று. ஒரு கற்ற மனிதனுடைய நாள் முழுவதும் அதற்குச் செலவாக வேண்டும்.

‘நம் முன்னோர்கள் பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்?’ என்று வாதம் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கைக் காட்ட விரும்புகிறேன். சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ம் வருஷத்தில் ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டு, மாகாணத்துப் பாடசாலைகளையும் அவற்றில் வாசிக்கும் பிள்ளைகளையும் கணக்கெடுக்கச் செய்தார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பிலே பாடசாலைகள் 12,498 என்று காண்கிறது. சென்னைப் பட்டணத்தில் மாத்திரம் பாடசாலையில் வாசிப்போர் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் என்றும், வீட்டிலேயே வாசிப்போர் 26,000 பேருக்கு மேல் என்றும் கலெக்டர் எழுதியனுப்பினார். இத்தொகை மிகையாயிருக்கலாம் என்று மன்றோவே சந்தேகித்தார். மிகையை எவ்வளவு தள்ளினாலும், வீட்டில் வாசித்த பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதை யோசிக்க வேண்டும். ஏடு படிக்கத் தெரிந்த தகப்பன், சிற்றப்பன், பாட்டன் உள்ள வீடுகளிலும், சம்பளம் கொடுத்து வாத்தியாரை வைத்துக்கொள்ளும் சக்தியுள்ள வீடுகளிலுமே அது நடந்திருக்க முடியும். ஏடே இல்லாத வீட்டில் எந்த வீட்டுக் கல்வி நடக்கும்? ஆகையால் அக்காலத்து வீட்டுக் கல்வி, கற்றவன் மகனைக் கற்றவனாக்கிற்று. கல்லாதவன் மகனை அப்படியே விட்டுவிட்டது. பெண்மக்களோ அக்கணக்கிலே காண்பதற்கே அரியர். எல்லார்க்கும் பொதுவான பள்ளிக்கூடம் ஏற்பட்ட பின்னரே, கையெழுத்துப் போடத் தெரியாத குடும்பங்களிலிருந்து ஒரு தலைமுறைக்குள் பட்டதாரிகள் தோன்றினர். இங்கே வீற்றிருக்கும் பெரியோர்களில் பலர் அவ்விதம் வந்தவர்களே.

மகாத்மா காந்தியடிகளும் தம் மக்களை வீட்டில் வைத்தே படிப்பித்தார் என்று சிலர் எடுத்துக் காட்டுவதுண்டு. உண்மைதான். ஆனால் அச்சரித்திரத்தை முழுவதும் படிக்க வேண்டும். 1897-ல் அவர் தம் இரு புதல்வர்களையும் சகோதரியின் மகனையும் அழைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளியில் தம் மக்களுக்கு மாத்திரம் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். ஏனைய இந்தியக் குழந்தைகளுக்குக் கிடையாத சலுகை தமக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை அமர்த்திப் பார்த்தார்; அது திருப்தியாக அமையவில்லை. பின்னர் ஜோஹன்னஸ்பர்க்கில், காரியாலயத்துக்கு நடந்து போகும் வழியில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே கற்பிக்க முயன்றார். நாள்தோறும் தவறாமல் ஒரு மணி நேரமாவது அவர்களுடைய படிப்புக்கு ஒதுக்கியிருக்கக் கூடுமானால் நன்றாயிருந்திருக்கும் என்றும், ஒதுக்க முடியாமற்போனது தமக்கும் தம் மக்களுக்கும் வருத்தமே என்றும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மூத்த மகன் இக்குறையைத் தகப்பனிடம் மட்டுமன்றிப் பத்திரிகையிலும் வெளியிட்டான். 1910-ல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் உட்பட, தாமே உபாத்தியாயராய் நின்று கற்பித்தவர் அவர். அத்தகையவருக்கே ஒரு மணி நேரம் அகப்படவில்லையென்றால், காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிற நமக்கு எப்படி அகப்படும்?

இதற்கு ஒரு பெரும் பரீட்சையும் நம் கண்முன் நடந்து முடிந்திருக்கிறது. கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் அடைக்கப்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடியும் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதங்களும் நாட்டில் உள்ள ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாகவே இருந்தது. தொலைக்காட்சியிலே பாடம் வந்தது. கைபேசியிலே வகுப்பு வந்தது. கண்டது என்ன? ஒரு கைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில், கைபேசி மூத்த பையன் கைக்குப் போயிற்று. பெண் அடுப்பங்கரைக்குப் போனாள். மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பில் அறிந்திருந்த எழுத்தை மறந்து வந்தது. பதினான்கு வயதுப் பையன்கள் வேலைக்குப் போய்ப் பணத்தின் சுவை கண்டபின் திரும்பவேயில்லை. இந்நஷ்டத்தை ஈடுசெய்யவே 2021-ல் அரசாங்கத்தார் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கி, தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அமர்த்தி, மாலை வேளைகளில் பாடம் சொல்ல வைத்தார்கள். வீடு தானே கற்பித்துவிடும் என்பது மெய்யானால் இந்த ஏற்பாட்டுக்கு என்ன அவசியம்? அதே காலத்தில், தாயும் தகப்பனும் படித்தவர்களாய், வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்த்தவர்களாய் இருந்த சில குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியில் கற்றதைவிட அதிகமாகக் கற்றார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மன்றோ கணக்கெடுத்த காலத்து வித்தியாசமே மறுபடியும் தலைகாட்டிற்று.

இங்கே தாய்மார்களைக் குறித்து ஒரு வார்த்தை. ‘வீட்டில் வைத்துப் படிப்பிப்போம்’ என்று ஆண்மக்கள் பன்மையில் பேசுகிறார்கள். படிப்பிக்கப் போகிறவள் ஒருத்தியே. சமையல், மாமனார் மாமியார் பராமரிப்பு, பலகாரத் தொழிலோ தையலோ ஏதேனும் ஒரு சிறு வருமானம், இவற்றுக்கு மேல் ஐந்தாறு பாடங்களையும் அவள் தலையில் ஏற்றுவதற்கு முன்னர் அவளுடைய சம்மதத்தைக் கேட்டவர் எத்தனை பேர்? அவள் பட்டம் பெற்றவளாயின், உத்தியோகத்தை விடச் சொல்லுவீர்கள். அதையும் செலவுக் கணக்கிலே எழுதுங்கள்.

இனிச் சட்ட விஷயம். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறிய பெற்றோருக்குத் தண்டனை ஏதும் அதில் விதிக்கப்படவில்லை. ஆதலால் தம் பிள்ளையைத் தாமே படிப்பிப்பவரைச் சர்க்கார் சிறையிலிடப் போவதில்லை. ஆனால் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு வீட்டில் சேர்த்து ‘சிறு பள்ளி’ நடத்தலாம் என்று நம்மவர் சிலர் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் வரையிலும், மேலும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாயும் அபராதம் உண்டு, எச்சரிக்கை! வீட்டில் படித்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து வருஷ காலத்துக்குள் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். வழி இல்லாமலில்லை.

ஆயினும் இழப்பது என்ன என்பதை அறிந்து இழக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை வீதம் 2020-ம் வருஷம் முதல் ஒதுக்கப்படுகிறது. பொறியியல் முதலிய தொழிற்கல்விகளுக்கும் 2021-ல் அது விரிந்தது. அதே வகுப்புகளை அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரி புகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-லும், ஆண்பிள்ளைகளுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-லும் தொடங்கின. இவை யாவும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைக்கே. வீட்டில் படித்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் இவ்வாசல்கள் அவனுக்கு இல்லை.

பள்ளியிலுள்ள குறைகளை நான் மறைக்கவில்லை. ஒரே உபாத்தியாயர் இரண்டு வகுப்புகளைக் கட்டி மேய்ப்பதும், கழிப்பறையில் தண்ணீர் இல்லாமையும் உள்ளவைதாம். மேற்படி சட்டம் ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, அதில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களுமாக இருக்க விதித்திருக்கிறது. கோயில் திருவிழாக் கமிட்டியில் இடம் கிடைக்கவில்லையென்று வருஷா வருஷம் சண்டையிடும் நம்மவர், இக்குழுவின் கூட்டத்துக்கு வரும்படி அழைத்தால் வேலை இருக்கிறது என்கிறார்கள்.

எந்தப் பிள்ளைக்கு வீடே தக்கது? நோயாலோ அங்கக் குறைவாலோ பள்ளிக்குச் செல்ல இயலாத பிள்ளைக்கு. 2012-ல் செய்த திருத்தத்தின்படி, கடும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. இது அநேகருக்குத் தெரியாது. பள்ளியில் அவமதிக்கப்பட்டு, அடைமழையில் நனைந்த குருவி போல் ஒடுங்கிப்போன பிள்ளையையும் சில மாதங்கள் வீட்டில் வைத்துத் தேற்றலாம், தவறில்லை. பதினான்கு வயதுக்குள் திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டமே. ஆகவே இடையில் நின்ற பிள்ளைக்கு வாசல் அடைந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். மாற்றுச் சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது நாவால் மட்டும் சொல்லப்படும் அந்தக் காரணத்துக்கு வருகிறேன். ‘அங்கே கண்ட கண்ட பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கிறது’ என்பது அது. கண்ட கண்ட பிள்ளைகள் என்பவர் யார்? நம் பாட்டன்மார் பள்ளி வாசலில் நின்றபோது நம்மையும் அவ்வாறே சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டில் வளரும் பிள்ளை தன் உறவினரை மட்டுமே காண்கிறது. கல்யாணத்தில், காதுகுத்தில், இச்சங்கத்து மண்டபத்தில், எங்கும் நம்மவரே. பிறர் வீட்டுப் பிள்ளையின் சோற்றுப் பொட்டலத்தைப் பங்கிட்டுத் தின்னும் இடம் பள்ளிக்கூடத்து வராந்தா ஒன்றே. அதையும் அடைத்துவிட்டால், இருபத்தைந்து வயதில் அயலாரோடு ஒரு காரியாலயத்தில் எப்படி வேலை செய்வான்?

அந்த வராந்தாவும் கெட்டுவருகிறது என்று அஞ்சுகிற பெற்றோருக்கு நியாயம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வர்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலியவற்றைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அக்கயிறுகளைப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டியது பள்ளிக்கூடமா? நம்முடையவை போன்ற சங்கங்களின் விழாப் பந்தல்களிலேயே அவை கிடைக்கின்றன. சென்ற ஆண்டு விழாவில் நமது பந்தலின் வாயிலிலும் ஒரு மேஜையில் அவை குவிந்திருந்ததைச் சபையோர் பலரும் கண்டிருப்பீர்கள்.

ஆதலின், அடுத்த ஆண்டு விழா முதல் நமது பந்தலில் வர்ணக் கயிறு விற்கவும் வழங்கவும் கூடாதென்று இக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவர அக்கிராசனாதிபதி அவர்கள் அனுமதி தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். தாய்மார்களில் ஒருவர் எழுந்தால் நலம்.