விழித்திருந்தவள் சிண்டரெல்லாவே!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வால்ட் டிஸ்னியின் தேவதைக் கதைப் படங்களில் நெஞ்சில் நிற்பவள் ஸ்நோ ஒயிட்டா? சிண்டரெல்லாவா? தூங்கும் அழகியா?’ – ‘சிண்டரெல்லாவே’ என்ற அணியின் நிறைவுரை.)

   

நான் மேடை ஏறும்போது முன்வரிசையில் இருக்கிற ஒரு அம்மா பக்கத்து அம்மாகிட்ட சொன்னது என் காதில் விழுந்தது. “இந்தம்மா டாக்டர் பட்டம் வாங்கின தமிழ்ப் பேராசிரியையாம். கார்ட்டூன் படத்தைப் பத்திப் பேச வந்திருக்காங்க பாருங்க!” அம்மா, நான் அந்தப் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணினதே நாட்டுப்புறக் கதைகளைத்தான். பாட்டி சொன்னால் கதை, திரையில் வந்தால் கார்ட்டூன். அவ்வளவுதான் வித்தியாசம்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற நல்லதை ஒப்புக்கொண்டு விட்டுத்தான் நான் வாதத்துக்குள் போவேன்.

ஸ்நோ ஒயிட் அணித் தலைவர் ஐயா முழங்கினார்: “எங்கள் படம்தான் மூத்த படம்!” உண்மைதான். 1937 டிசம்பர் 21. லாஸ் ஏஞ்சல்ஸில் கார்த்தே சர்க்கிள் தியேட்டர். டிஸ்னி எடுத்த முதல் முழுநீளக் கார்ட்டூன் படம் அன்றுதான் திரைக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவு. “ஒன்றே கால் மணி நேரம் எவன் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்ப்பான்?” என்று ஹாலிவுட்டே கேலி பண்ணியது, ‘டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்’ என்றே பேர் வைத்தது. படம் ஓடிய ஓட்டத்தில் கேலி பண்ணினவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1939-இல் ஆஸ்கார் மேடையில் அவருக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். ஏழு குள்ளர்களுக்கும் ஆளுக்கு ஒன்று! ஐயா, அந்தப் பெருமையை நான் தொடவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

தூங்கும் அழகி அணித் தம்பி சொன்னார்: “கண்ணுக்கு அழகு எங்கள் படம்தான்!” அதுவும் உண்மை. 1959-இல் வந்த படம். 70 எம்.எம். அகலத் திரை. ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியர் தீட்டிய பின்னணிகள். ஒவ்வொரு மரத்தையும் பழைய காலத்துத் திரைச்சீலைச் சித்திரம் மாதிரி வரைந்திருக்கிறார். இசைக்கு ருஷ்ய மேதை சைகோவ்ஸ்கியின் பாலே நாட்டிய இசையையே எடுத்துக்கொண்டார்கள். சுமார் 60 லட்சம் டாலர் கொட்டினார்கள். ஆனால் தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். முதல் ஓட்டத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. டிஸ்னி ஸ்டுடியோ அடுத்த தேவதைக் கதைப் படம் எடுக்க 30 வருஷம் ஆயிற்று. 1989-இல் ‘லிட்டில் மெர்மெய்ட்’ வந்துதான் மறுபடி கதவு திறந்தது. தூங்கும் அழகி தான் மட்டும் தூங்கவில்லை, கம்பெனியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிட்டாள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, விளையாட்டை விடுவோம். நமது தலைப்பு என்ன? மூத்தது எது என்பதா? அழகு எது என்பதா? இல்லை. ‘நெஞ்சில் நிற்பவள்’ யார் என்பது. நெஞ்சில் யார் நிற்பார்கள் நடுவர் அவர்களே? முதலில் நிற்கிறவள்தானே நிற்பாள்? படுத்துக் கிடக்கிறவள் எப்படி நிற்பாள்? (கைதட்டல்)

ஸ்நோ ஒயிட் என்ன செய்கிறாள்? நல்ல பெண்தான். காட்டு வீட்டைக் கூட்டுகிறாள், பெருக்குகிறாள், ஏழு பேருக்கும் சமைத்துப் போடுகிறாள். முன்பின் தெரியாத கிழவி ஆப்பிளை நீட்டுகிறாள்; வாங்கிக் கடிக்கிறாள்; விழுகிறாள். அதற்கப்புறம் கண்ணாடிப் பெட்டி. இளவரசன் வரும் வரைக்கும் தூக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. கிரிம் சகோதரர்கள் இந்தக் கதையை 1812-இல் அச்சிட்டார்கள். பிறகு திருத்திய பதிப்பில் அவள் எப்படி எழுந்தாள் தெரியுமா? முத்தத்தால் அல்ல! பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன ஆட்களுக்குக் கால் தடுக்குகிறது, பெட்டி குலுங்குகிறது, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, எழுந்துவிட்டாள். அந்த ஏழு பேரில் ஒருவர் முதல் நாளே முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும், இளவரசனே தேவையில்லை! (சிரிப்பு)

தூங்கும் அழகி? அவள் பேரில் எடுத்த படம். ஆனால் ராட்டினக் கதிர் விரலில் குத்தித் தூங்கினாளே, எழுந்த பிறகாவது பேசினாளா? படம் முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை நடுவர் அவர்களே! சண்டை போட்டது இளவரசன். அவனுக்கு வாளும் கேடயமும் கொடுத்தது மூன்று தேவதைகள். இவள் கட்டிலில்.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மூன்று படங்களையும் சி.டி. வாங்கிப் போட்டுக் காட்டினேன். ஸ்நோ ஒயிட் பார்க்கும்போது கேட்டாள்: “அம்மா, இந்த அக்கா எப்ப எந்திரிப்பா?” தூங்கும் அழகி பார்க்கும்போது கேட்டாள்: “அம்மா, இந்த அக்காவும் தூங்குதா?” எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “உங்கம்மாவை மட்டும் காலையில அஞ்சு மணிக்கு எந்த ராஜகுமாரனும் வந்து எழுப்பறதில்லடா, அலாரம்தான் எழுப்புது” என்றார். வாழ்க்கையிலேயே அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்! (சிரிப்பு)

இப்போது சிண்டரெல்லாவிடம் வருகிறேன்.

எதிரணியில் மூன்று குற்றச்சாட்டு வைத்தார்கள். ஒன்று: ‘அவள் பணக்கார மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டவள்.’ இரண்டு: ‘எல்லாவற்றையும் தேவதையும் எலியும் செய்தன, அவள் என்ன செய்தாள்?’ மூன்று: ‘செருப்பு அளவு பார்த்துப் பெண் எடுக்கிற கதை ஒரு கதையா?’

மூன்றாவதிலிருந்து வருகிறேன். இரவெல்லாம் கூட ஆடியவன், முகம் ஞாபகம் இல்லாமல் செருப்பைக் கொடுத்து அனுப்புகிறான். தேடிக்கொண்டு தானும் வரவில்லை, அமைச்சரை அனுப்புகிறான். நடுவர் அவர்களே, அந்த இளவரசனுக்காக வாதாட நான் வரவில்லை. அவன் எக்கேடும் கெட்டுப் போகட்டும்! (சிரிப்பு) என் வழக்கு அவளுக்காக.

பணக்கார மாப்பிள்ளை என்றீர்களே, படத்தை ஒழுங்காகப் பார்த்தீர்களா? ஆடும்போது அவன்தான் இளவரசன் என்றே அவளுக்குத் தெரியாது. மறுநாள் வீட்டில் பேச்சு வரும்போதுதான் தெரிகிறது. கையிலிருக்கும் தட்டை நழுவ விடுகிறாள். அவள் ஆசைப்பட்டது அரண்மனைக்கு அல்ல. ஒரு ராத்திரி லீவுக்கு! வருஷம் முழுக்க வேலை பார்க்கிறவளுக்கு ஒரு ராத்திரி லீவு கேட்கக் கூடாதா? (கைதட்டல்)

அதையும் எப்படிக் கேட்டாள்? அழுதா? காலில் விழுந்தா? இல்லை. அரசாங்க ஓலை வருகிறது. மணமாகாத பெண்கள் எல்லோரும் வரவேண்டும் என்பது அரசகட்டளை. உடனே சித்தி முன்னால் நின்று சொல்கிறாள்: அப்படியானால் நானும் போகலாம், நானும் இந்த வீட்டுப் பெண்தானே! இது கெஞ்சல் அல்ல நடுவர் அவர்களே, உரிமைக் குரல். சட்டத்தைப் படித்துக் காட்டிப் பேசுகிறாள் அந்த அடுப்படிப் பெண்!

எலிகள் உதவின என்றீர்கள். ஏன் உதவின? படத்தின் தொடக்கத்தில் கஸ் என்ற குண்டு எலி பொறியில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவித்து, சட்டை போட்டுவிட்டு, செருப்பும் கொடுத்தவள் யார்? தனக்கே கந்தல் துணி, அதிலும் எலிக்குச் சட்டை! பிறகு சித்தி அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டியபோது, சித்தியின் பையிலிருந்தே சாவியை எடுத்து, அத்தனை படிக்கட்டிலும் இழுத்துக்கொண்டு வந்தது அந்தக் கஸ்ஸும் ஜாக்கும்தான். வாசலில் பூனை மறிக்கிறது. அப்போதும் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. நாயைக் கூட்டி வா என்று பறவைகளுக்கு யோசனை சொல்கிறவள் அவள்தான். அவளுக்கு வந்தது மாயமல்ல, தான் செய்த நன்மை கால் முளைத்துத் திரும்பி வந்தது!

தேவதை கொடுத்தது என்ன? பூசணிக்காய் வண்டி, வெள்ளி மாதிரி ஒரு உடுப்பு. அதுவும் ராத்திரி 12 மணி வரைக்கும் வாடகைக்கு! (சிரிப்பு) 12 அடித்ததும் வண்டி பூசணிக்காயாகிவிட்டது, உடுப்பு கந்தலாகிவிட்டது. கண்ணாடிச் செருப்பு மட்டும் தங்கியது. ஒன்று அரண்மனைப் படிக்கட்டில். இன்னொன்று?

பெரியோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1697-இல் பிரான்ஸ் நாட்டில் சார்ல் பெரோ இந்தக் கதையை எழுதினார். அதில் அமைச்சர் தரப்பு கொண்டுவந்த செருப்பு அவள் காலில் சரியாகப் பொருந்திவிடும். பொருந்திய பிறகு, தன்னிடம் இருக்கும் மற்றொன்றையும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். அங்கே அது கூடுதல் சாட்சி. 1950-இல் வந்த படத்தில் என்ன நடக்கிறது? செருப்பு வருகிறது. ‘இது நம் கையை மீறிப் போகிறது’ என்று சித்திக்குத் தெரிந்துவிட்டது. கைத்தடியை நீட்டிச் சேவகனை இடறி விடுகிறாள். கண்ணாடிச் செருப்பு விழுந்து தூள் தூளாகிறது. அமைச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கதறுகிறார். முடிந்தது, எல்லாம் போயிற்று என்று நினைக்கிறோம். என் மகள் விம்மி விம்மி அழுதாள்.

அப்போது அந்தப் பெண் பதறவில்லை. மெதுவாக, இன்னொரு செருப்பை எடுத்து நீட்டுகிறாள்!

யாருக்கும் தெரியாமல், யாரிடமும் சொல்லாமல், தனக்கு நடந்தது கனவல்ல என்பதற்கான அத்தாட்சியைத் தன் கையிலேயே வைத்திருந்தாள். அந்த நேரத்தில் தேவதை வரவில்லை. மந்திரக்கோல் இல்லை. முத்தம் இல்லை. அவள் விழித்திருந்தாள், அவ்வளவுதான்! (நீண்ட கைதட்டல்)

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் காட்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவி. பெயர் வேண்டாம். அப்பா இல்லை. உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அந்த வீட்டு வேலை அத்தனையும் முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். கடைசி வருஷத் தேர்வு. ‘இது படித்துப் பாஸாகிவிட்டால் நம் பேச்சைக் கேட்காது’ என்று யாருக்கோ தோன்றிவிட்டது. முதல் நாள் ராத்திரி ஹால் டிக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டார்கள். காலையில் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறாள். விஷயத்தைக் கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொல்கிறாள்: “அம்மா, அழாதீங்க. இப்படி ஏதாவது நடக்கும்னு தெரியும். அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து தோழிகிட்ட குடுத்து வச்சிருக்கேன்.” முதல்வர் கடிதத்தோடு அந்த நகலைக் காட்டி, உள்ளே போய் எழுதினாள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நூறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள்.

அன்றைக்கு அந்த நகலைப் பார்த்தபோது எனக்குச் சிண்டரெல்லாவின் இன்னொரு செருப்புதான் ஞாபகம் வந்தது.

ஐயா, ஸ்நோ ஒயிட் வரலாறு படைத்தாள், மறுக்கவில்லை. தூங்கும் அழகி ஓவியமாக இருக்கிறாள், ரசிக்கிறேன். ஆனால் யுத்த காலத்தில் நொடித்துப் போய் 40 லட்சம் டாலருக்கு மேல் கடனில் இருந்த டிஸ்னி ஸ்டுடியோவைத் தூக்கி நிறுத்தியது சிண்டரெல்லா. அந்த வீட்டையும் சம்பாதித்துக் காப்பாற்றியவள் இந்த அடுப்படிப் பெண்தான்! அவள் சம்பாதித்துக் கொடுத்த தைரியத்தில்தான், ஒன்பது வருஷம் கழித்துத் தூங்கும் அழகி சுகமாகத் தூங்க முடிந்தது! (சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்களே, வீட்டில் பெண் குழந்தைக்கு மூன்று படத்தையும் காட்டுங்கள். ஆனால் படுக்கப் போகுமுன் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். “கண்ணு, உதவி வந்தா வாங்கிக்கோ. வரலைன்னா அழாதே. உன் இன்னொரு செருப்பு உன் கையில பத்திரமா இருக்கட்டும்.”

ஆகவே நடுவர் அவர்களே, படுத்துக் கிடந்து நெஞ்சில் இடம் பிடித்தவர்கள் இருவர். விழித்து நின்று இடம் பிடித்தவள் ஒருத்தி. நெஞ்சில் நிற்பவள் சிண்டரெல்லாவே, சிண்டரெல்லாவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)