காலில் ஒருமுறை ரத்தம் உறைந்தவர்கள் கவனத்திற்கு
(தளி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அக்கா இடது காலை மடக்க முடியாமல் நீட்டியே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்தக் காலில் ரத்தம் உறைந்து, ஓசூரில் வைத்தியம் பார்த்தவர். வீக்கம் வடிந்ததும் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். ரத்தப் பரிசோதனை, பஸ் சார்ஜ், ஒருநாள் கூலி எல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஊர்த் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். அதே கால் மறுபடி வீங்கிவிட்டது.

அடிபட்டு நீலமாகிற ரத்தக்கட்டு வேறு, இது வேறு. இது காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாய்க்குள்ளேயே உறைவது. அங்கிருந்து பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருமா? ஆபரேஷனால் வந்தது என்றால் வாய்ப்பு குறைவு. காரணமே தெரியாமல் வந்தது என்றால், மருந்தை நிறுத்திய முதல் வருஷத்திலேயே 100 பேரில் சுமார் 10 பேருக்குத் திரும்புகிறது. 10 வருஷத்தில் அது 36 பேர் வரை போகிறது. அதனால்தான் குறைந்தது 3 மாதம், சிலருக்கு ஆயுசு முழுக்க மருந்து. எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், வீக்கம் அல்ல.

பெண்களாகிய நமக்குத் தனி ஆபத்துகள் உண்டு. மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையும், திருவிழா மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். மறுபடி கர்ப்பமானால் முதல் மாசமே நர்சம்மாவிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளில் சில சிசுவுக்குக் கெடுதல், அதனால் ஊசிக்கு மாற்றுவார்கள். பிரசவமான 6 வாரம் ரொம்ப முக்கியம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் படுக்க வைக்கும் பெரியவர்களிடம் நாங்கள் சண்டையே போட்டிருக்கிறோம். தண்ணீர் கொடுங்கள், எழுந்து நடக்க விடுங்கள்.

2021-ல் நம்ம மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள் அல்லவா? அவர்களிடமும் இந்தக் கால் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

அந்த அக்காவுக்குக் குழுவில் உள்கடன் 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை பரிசோதனை. ஊக்குநரும் கூடப் போகிறார்.