துணைக்கு யார்?

இன்று பட்டம் பெறும் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, உணவியல், மருத்துவ சமூகப்பணி மாணவர்களே!

1948-இன் தொடக்கம். போலந்திலிருந்து லண்டனுக்கு வந்த டேவிட் டாஸ்மா புற்றுநோயில் கிடந்தார். வயது நாற்பது. அந்த ஊரில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. படுக்கையருகே வந்து உட்கார்ந்து பேசிய சிசிலி சாண்டர்ஸ் அப்போது டாக்டர் அல்லர், மருத்துவமனைச் சமூகப்பணியாளர். அதற்கு முன் நர்ஸ்; முதுகுவலி அந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டது. டாஸ்மா 500 பவுண்டை அவர் பெயருக்கு எழுதிவைத்தார். சாகிறவர்களுக்கென்று அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டுமாம்.

இல்லம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. டாக்டராக இருந்தால்தான் உலகம் காது கொடுக்கும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் சொல்ல, இடையில் சாண்டர்ஸ் எம்.பி.பி.எஸ். படித்து 1957-இல் தேறினார். (இன்றும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை.) 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. வலி உடம்பில் மட்டுமில்லை, மனத்திலும் குடும்பத்திலும் கடவுளோடு உள்ள வழக்கிலும் இருக்கிறது என்ற அவரது 'முழு வலி'க் கருத்தில் அந்தப் பழைய சமூகப்பணியாளரின் கை தெரிகிறது.

இந்த முழு வலியில், வலிமருந்தான மார்பின் மட்டும் போதாத இடங்கள் பல. மூச்சுத்திணறலில் தவிப்பவரை முன்னால் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, முகத்துக்கு நேரே சின்ன விசிறியைப் பிடிக்கச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். தவிப்பு தணிகிறது. பனையோலை விசிறியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்த நம் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல! வாய்ப்புற்றில் தண்ணீர் புரையேறுகிறவருக்கு எந்தப் பதத்தில் கொடுத்தால் இறங்கும் என்று பார்த்துச் சொல்பவர் பேச்சுப் பயிற்சியாளர். கழிவறைக்குத் தானே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவருக்குச் சுவரில் எந்த உயரத்தில் கைப்பிடி வைப்பது? அதைக் கணக்கிடுபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

'துணை மருத்துவம்' என்று உங்கள் படிப்பைச் சொல்வதில் சிலருக்கு வருத்தம். வார்டில் நோயாளியைச் சேர்க்கும்போது, 'துணைக்கு யாரு இருக்கா?' என்று கேட்பதும் இதே சொல்லால்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், பிசியோதெரபியையும், இப்படித் தவிப்பைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. உணவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் அதே வண்டியில் ஏற வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.